குழாய் வளர்த்த பெண்கள்

ஹென்ரியட்டா லாக்ஸ் பற்றி ரெபேக்கா ஸ்க்லூட் 2010இல் வெளியிட்ட புத்தகத்தை அறிவியல் நூல் என்கிறார்கள். நான் அதைக் கூலிக் கணக்காகத்தான் வாசித்தேன். புகையிலைக் காட்டில் உழைத்த கறுப்பினப் பெண் அவர். (அவர் என்றுதான் எழுதுவேன், நம்ம அம்மாக்களை 'அவ, இவ' என்றே எழுதிப் பழகிவிட்டார்கள்.) கருப்பை வாய்ப் புற்று. 1951இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு வார்த்தை கேட்காமல் சதையை எடுத்தார்கள். 31 வயதில் செத்துப்போனார். செல்கள் சாகவில்லை. கம்பெனிகள் விற்றுச் சம்பாதித்தன. பிள்ளைகளுக்கு மருத்துவக் காப்பீடுகூட இல்லை.

ஸ்க்லூட் சில பக்கங்களில் கடந்துபோகிற டஸ்கிகீதான் எனக்கு முக்கியம். போலியோ தடுப்பூசியைச் சோதிக்க 1953 வாக்கில் அங்கே இந்தச் செல்களை வளர்த்தார்கள், வாரத்துக்கு 20,000 குழாய். வளர்த்தவர்கள் கறுப்பினத்தார், பலர் பெண்கள். அறிவியலில் பெண்கள் அப்பவே இருந்தாங்க! லாபத்துக்குச் செல் விற்கும் கம்பெனி வந்ததும் அந்த மையத்தை மூடிவிட்டார்கள். அந்தப் பெண்களின் வேலை என்னாச்சு? இதைத்தான் ஸ்க்லூட் தோண்டியிருக்க வேண்டும்.

1998 முதல் யுனெஸ்கோவோடு சேர்ந்து லோரியல் கம்பெனி பெண் விஞ்ஞானிகளுக்கு விருது தருகிறது. தரட்டும். குழாய் கழுவுறவங்களுக்கு வேலை நிரந்தரமா? உடம்பைக் கொடுத்தவங்க வீட்டுக்கு வைத்தியமும் லாபத்தில் பங்கும் உண்டா? கம்பெனியிடம் நான் கேட்பது இதைத்தான். லாக்ஸ் குடும்பம் தெர்மோ ஃபிஷர் கம்பெனிமீது 2021இல் வழக்குப் போட்டது. 2023இல் சமரசம் செய்தார்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை வெளியே சொல்லவில்லை.