எண்ணூர்க் காற்றும் குளியலறை நீராவியும்

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கியது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி அடுக்குமாடிகள் எழுகின்றன. அவற்றோடு சேர்ந்து, குளியலறையிலேயே நீராவி அறை அமைத்துக்கொள்ளும் ஆசையும் வடசென்னைக்கு வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட ஷவர் அறை, பக்கத்தில் நீராவி உண்டாக்கும் ஒரு பெட்டி, சுவரில் ஒரு பொத்தான், அவ்வளவுதான் அமைப்பு. உடம்பு வலி தீரும், சளி கரையும், உடலில் சேர்ந்த நச்சு வியர்வையாக வெளியேறும் என்று சொல்லி விற்கிறார்கள். இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

முதலாவது உண்மைதான். வெப்பம் பட்டால் ரத்தக் குழாய்கள் விரியும், இறுகிய தசை தளரும். விடியுமுன் காசிமேட்டில் மீன்கூடை தூக்கியவருக்கும், துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கும் இது பெரிய ஆறுதல். நமக்கு இது அந்நியமும் அல்ல. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் வேது, அதாவது ஆவி பிடித்தலும் ஒன்று. நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் குனிந்து ஆவி பிடிக்காத குடும்பம் இங்கே அரிது. சளி விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம். மூக்கு சற்று நேரம் திறக்கும். நோய் சீக்கிரம் குணமாகும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

விற்பவர்கள் பின்லாந்துச் சான்றையும் இழுத்து வருகிறார்கள். குவோப்பியோ பகுதியில் 2,315 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2015இல் வெளியான ஆய்வு அது. வாரத்தில் பல நாள் சவுனாவில் உட்கார்பவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்ததை அது காட்டியது. ஆனால் அவர்கள் உட்கார்ந்தது ஏறத்தாழ 80 டிகிரி உலர்ந்த சூட்டில். அங்கே வியர்வை ஆவியாகி உடலை ஆற்றும். நீராவி அறையில் வெப்பம் 45 டிகிரியை ஒட்டியே இருந்தாலும் காற்று முழுக்க ஈரம். வியர்வை காயாது, நீராவி தோலில் படிந்து சூட்டை உள்ளே ஏற்றும். வெளியே வந்தால் அவர்களுக்குப் பனிக்காற்று, மே மாத ராயபுரத்தில் நமக்குப் புழுக்கம். ஆகவே அந்த ஆய்வை இந்த அறைக்குச் சான்றாகக் காட்டுவது நேர்மையாகாது. இதய நோயாளிகள், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே போகவே கூடாது.

தண்ணீர்க் கணக்கு முதலில் சாதகமாகத் தெரியும். 4.5 கிலோவாட் கருவி அரை மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 3 லிட்டர்தான் ஆவியாகும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்ற ஊரில் இது நல்ல செய்தி. ஆனால் எந்தத் தண்ணீர்? தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் அளவில்லாமல் உறிஞ்சியதில் மீஞ்சூர் வட்டார நிலத்தடி நீருக்குள் கடல் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கரையோரத் தெருக்களில் போர் தண்ணீர் கரிக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். லிட்டருக்கு 2 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 6 கிராம், தினமும் ஓடினால் இரண்டு மாதத்தில் 360 கிராம். அதில் ஒரு பகுதி ஹீட்டர் கம்பியில் கல்லாகப் படியும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் கருவி பிழைக்கும். அந்த 3 லிட்டருக்காகப் பல லிட்டர் கழிவுநீராகப் போகும்.

சுவரின் நிலை இன்னும் மோசம். டைல்ஸுக்குப் பின்னால் ஈரம் புகாத தடுப்பு வேண்டும், கூரை சரிவாக வேண்டும், ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும். ராயபுரத்தின் பழைய தெருக்களில் இரு வீட்டுக்கு ஒரு சுவர். இங்கே விடுகிற நீராவி பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் ஓதமாக ஏறும். உப்புக்காற்று ஏற்கெனவே அரித்த கட்டடக் கம்பிக்கு இது கூடுதல் சுமை.

மின்சாரம் வரும் வழியைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அத்திப்பட்டு அருகே வடசென்னை அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுழற்றுகிறது. எரித்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி தண்ணீரை ஆவியாக்குகிறோம். சாம்பலும் வெந்நீரும் போய்ச் சேர்ந்த இடம் எண்ணூர்க் கழிமுகம். இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்தவர்களின் பிழைப்பு அதில் கரைந்தது. தினம் அரை மணி ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 135 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடும்.

இவ்வளவையும் பணமுள்ளவர் சமாளித்துக்கொள்ளலாம். நச்சு வெளியேறும் என்ற பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். நச்சைக் கழிப்பது கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. நுரையீரலில் படிந்த நிலக்கரித் தூசு எந்த வியர்வையோடும் வராது. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடினார்கள். அவர்களுக்கு வேண்டியது கசியாத குழாய், எச்சரிக்கும் சங்கு, ஆலையைத் தவறாமல் சோதிக்கும் அதிகாரி. காற்றைக் கெடுத்தவர்கள் செய்ய வேண்டியதை, மூச்சு விடுபவரின் சொந்தச் செலவாகக் குளியலறைக்குள் தள்ளிவிடுகிறது இந்த வியாபாரம்.

வலி தீர நீராவி வேண்டும் என்பவர்கள் பக்கம்தான் நானும் நிற்கிறேன். அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. நீராவிக் குளியல் இயற்கை மருத்துவத்தில் ஒரு சிகிச்சை முறை. அங்கே மருத்துவரின் கண்காணிப்பில் எடுக்கலாம். ஆனால் திருவொற்றியூர்க்காரர் நகரத்தைக் குறுக்கே கடந்து, சென்ட்ரலில் ரயில் மாறிப் போக வேண்டும். மூட்டை தூக்கித் தோள் தேய்ந்தவருக்கு அது ஒரு நாள் கூலி. அதே சிகிச்சைக்கூடம் ஒன்றைத் துறைமுகத்தின் இந்தப் பக்கத்தில், நல்ல தண்ணீரோடும் ஒரு மருத்துவரோடும் அரசு திறக்க வேண்டும். அதற்கான செலவில் இங்குள்ள ஆலைகளும் பங்கு தர வேண்டும்.