ஐந்து விதிகளும் ஓர் எல்லையூரும்

ஒரு தொழிலைச் சார்ந்தோர் கூடிச் சங்கம் அமைப்பது பெரும்பாலும் தம் உரிமையைக் காத்துக்கொள்வதற்காகவே. அது குற்றமன்று. ஆயினும், தம் உறுப்பினர் அல்லாத ஒருவரின், அதாவது வாசகரின், உரிமையை முதற்பொருளாகக் கொண்டு எழுந்த சங்கம் ஒன்று நம்மிடையே உண்டு. 1928 சனவரியில் நிறுவப்பெற்ற சென்னை நூலகச் சங்கமே அது. அச்சங்கம் 1931இல் வெளியிட்டதுதான் சீர்காழி இரா. அரங்கநாதனார் ஆங்கிலத்தில் எழுதிய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்'. இந்நூலைத் தேர்வுக்குரிய பாடநூல் என்று மட்டும் கருதி ஒதுக்கிவிடுதல் முறையன்று. ஒரு சமுதாயக் கனவாகவும் இதனை எடைபோட்டுப் பார்த்தல் வேண்டும்.

கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அரங்கநாதனார். கணிதத்தின் சுருக்கம் அவர் விதிகளிலும் படிந்திருக்கிறது. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைத்தாக வேண்டும். ஒவ்வொரு நூலும் தன் வாசகரை அடைந்தாக வேண்டும். வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவ்வளவுதான். கேட்பவர், 'இதை யார் அறியார்?' என்பர். அறிந்ததை ஏன் செய்யவில்லை என்று கேட்பதில்தான் இந்நூலின் ஆற்றல் அடங்கியுள்ளது. முதல் விதியை எடுத்துக்கொண்டு, நூலகம் எந்த இடத்தில் இருக்கிறது, எப்பொழுது திறக்கிறது, அங்குள்ள இருக்கை எத்தகையது, நூலகர் எத்தகையவர் என்று அவர் ஒவ்வொன்றாக வினவிச் செல்லும்போது, எளிய வாக்கியமொன்று ஆட்சியாளரையே குற்றக்கூண்டில் நிறுத்திவிடுகிறது.

நூலின் குறையும் அதன் அழகிலிருந்தே பிறக்கிறது. அரங்கநாதனார் தம் விதிகளுக்கு உயிரும் உருவும் கொடுத்துவிடுகிறார். இரண்டாம் விதி போராடுகிறது. நாடு நாடாகத் திக்விசயம் செய்கிறது. படிக்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால், விதி தானே நடந்து சென்று வென்றுவிடும் என்ற மயக்கத்தையும் அது நமக்குள் விதைக்கிறது. வரலாறு சொல்வது வேறு. விதிகள் எங்கும் வென்றதில்லை, வென்றவர்கள் மனிதர்கள்.

1929இல் சங்கம் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. அதனை 1931இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். அரங்கநாதனார் வகுத்த மாதிரி நூலகச் சட்ட வரைவை 1933இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் ஜனாப் பஷீர் அகமது சயீத். பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும், பெண்கல்விக்குக் கல்லூரி கண்டவராகவும் நாம் போற்றும் அப்பெருமகனாரின் இம்முயற்சி நம்மவருள் பலர் நினைவில் இல்லை. அன்று அவ்வரைவு சட்டமாகவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1948இல்தான் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. திக்விசயம் என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை மனிதரின் காத்திருப்பும் தோல்வியும் மறைந்துகிடக்கின்றன.

இனி, இந்நூலை ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள உத்தனப்பள்ளியில் நின்று படித்துப் பார்ப்போம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி அது. ஓசூர் ஆலைகளின் நிழல் அங்கும் நீண்டுவிட்டது. ஒருபுறம் வயல், மறுபுறம் ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளிக்கு, அவன் உறங்கும் நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் நூலகம் பூட்டிய நூலகமே அன்றோ? வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் சிறுமிக்கு 'உரிய நூல்' எம்மொழியில் அமைவது? உருது மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர் எந்த அலமாரியின் முன் நிற்பார்? செல்வர்–வறியர், ஆண்–பெண், நகரம்–நாட்டுப்புறம் என்று இரண்டாம் விதி கடந்துவந்த வேலிகளோடு மொழி என்னும் வேலியையும் நாம் சேர்த்து எண்ண வேண்டியுள்ளது.

எல்லைக்கு இப்பால் 1948ஆம் ஆண்டுச் சட்டம். அப்பால் கருநாடகத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் ஒரே நோக்கத்தில் பிறந்தவை. எனினும் ஒரு சட்டத்தின்கீழ் வாங்கிய நூல் மறு சட்டத்தின் எல்லைக்குள் எளிதில் கால் வைப்பதில்லை. வாசகரோ நாள்தோறும் எல்லையைக் கடக்கின்றனர். நூலக வரி வீட்டுவரியோடு சேர்ந்தே வருகிறது. வாடகை அறையில் தங்கும் தொழிலாளியும் தன் வாடகையின் வழியே அதற்கு ஒரு பங்கு செலுத்துகிறான். ஆகவே அவன் நூல் கேட்பது இரத்தல் அன்று, உரிமை.

இங்குதான் நூலகர் கூட்டங்களின் பொருள் தெளிவாகிறது. ஊதியமும் பதவி உயர்வும் அங்குப் பேசப்பட வேண்டியவையே. பசித்த நூலகரைக் கொண்டு எந்த விதியும் நிறைவேறாது. ஆனால் மாலை சூட்டி, தீர்மானம் படித்து, தேநீருடன் கலையும் கூட்டம் 1928இன் வழித்தோன்றல் ஆகாது. கிருட்டிணகிரி மாவட்ட நூலகரும் எல்லைக்கு அப்பாலுள்ள நூலகரும் ஒரு நாள் ஒன்றாக அமரட்டும். யாரிடம் எம்மொழி நூல் மிகுதி, யாரிடம் குறைவு என்று ஒரு பட்டியல் எழுதட்டும். ஒரு பெட்டி கன்னட நூல் இங்கு வரவும், ஒரு பெட்டி தமிழ் நூல் அங்குச் செல்லவும் வழி காணட்டும். ஷிப்டு மணியைப் பார்த்துத் திறப்பு நேரம் குறிக்கட்டும். கூட்டம் முடிந்த மறுநாள் உத்தனப்பள்ளி வாசகர் ஒருவருக்கு என்ன மாறியது என்பதே உரைகல்லாகட்டும்.

ஐந்தாம் விதி நூலகத்தை வளரும் உயிர் என்கிறது. உயிர் தானாக வளரும் என்று எண்ணி நாம் அயர்ந்துவிடக் கூடாது. அதற்கு ஊட்டுவோர் வேண்டும். அரங்கநாதனாரின் நூல் பழுதற்ற நூல் அன்று. எனினும் நம்மை வேலைக்கு அழைக்கும் நூல். அவ்வழைப்பு நூலகருக்கு மட்டும் உரியதன்று, வரி செலுத்தும் நமக்கும் உரியது.