கறளேறிய ஆணியும் புதிய சொக் அப்சோபரும்

உப்புவெளி என்றும் உவர்மலை என்றும் ஊர்ப்பெயர்களிலேயே உவர்ப்பைச் சுமந்து நிற்கும் திருகோணமலையில், கடற்காற்று ஓயாத ஒரு வீட்டு முற்றத்தில், அறுபது வருஷங்களாக நின்றும் ஓடியும் வருகிற என் மொறிஸ் மைனர் வாகனத்தின் பின்புறத்துச் சொக் அப்சோபர்கள் இரண்டையும் சென்ற மாதம் மாற்றுவித்தேன். புதிய சாதனத்தின் குணதோஷங்களை எழுதப் புகுந்தால், அதைத் தாங்கி நிற்கும் ஆணிகளைப் பற்றியே அதிகம் எழுதவேண்டியிருக்கிறது.

அலெக் இஸிகோனிஸ் நிருமாணித்து 1948 இல் வெளிவந்த இவ்வாகனத்தின் பின் அச்சு, உருக்குத் தகடுகளை அடுக்கிய வில்களோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மேட்டில் ஏறிய சக்கரம் வில்லை நெரிக்கும். நெரிந்த வில் விரியும்போது வண்டியைத் தூக்கி எறியும். அந்த ஆட்டத்தை, எண்ணெயைச் சிறு துவாரங்களின் வழியே நெருக்கிச் செலுத்திச் சூடாக மாற்றிக் களைந்துவிடுவதே சொக் அப்சோபரின் தொழில். இவ்வண்டிக்கு ஆதியில் அமைந்தது நெம்புகோல் வகை: உடலோடு முடுக்கிய ஓர் எண்ணெய்ப் பெட்டி, அதிலிருந்து நீண்ட இரும்புக் கை, அக்கையை அச்சோடு இணைக்கும் சிறு தண்டு. கை திரும்பும் இடத்துச் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தபின், பின்மூலையை அழுத்திக் கைவிட்டால் என் வண்டி நான்கு முறை தலையாட்டிற்று. ஒரு முறை எழுந்து அமைவதே ஆரோக்கியத்தின் லக்ஷணம்.

இதற்குப் பதிலாக நான் பூட்டியது குழாய் வகை. பழைய பெட்டி இருந்த துளைகளிலேயே ஓர் இரும்புத் தாங்கியை முடுக்கி, கீழ்முனையை வில்லின் அடித்தட்டோடு இணைப்பதே இதன் விதி. முன்புறத்தில் மாற்றம் இத்தனை இலேசன்று. அங்கே அந்த நெம்புகோலே சக்கரத்தைத் தாங்கும் மேற்கையாகவும் இருப்பதால், அதைக் கழற்றினால் சக்கரத்துக்கு நிலையில்லை.

கராஜில் காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை பிற்பகல் இரண்டுக்கு முடிந்தது. புதியவற்றைப் பூட்டப் பிடித்தது ஒரு மணிக்கும் குறைவு. மீதி நேரத்தை நான்கு பழைய ஆணிகள் தின்றுவிட்டன. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரையில் வாகனங்கள் அத்துறையைக் கடந்தது, 'பாதை' என்று இவ்வூரார் வழங்கும் மிதவையிலேதான். ஏறும்போதும் இறங்கும்போதும் சக்கரங்கள் வாரியடித்த உவர்நீர் எத்தனை வருஷம் அப்புரிகளில் ஊறியதோ, ஆணி எது, சுரை எது என்று பிரித்தறியாதபடி இரண்டும் ஒரே கறட்கட்டியாய்ச் சமைந்திருந்தன.

"ஐயா, சொக் மாத்திறது வேலையில்லை, இந்த ஆணியைக் கழட்டிறதுதான் வேலை," என்று சொல்லிக்கொண்டே, முதல்நாள் மாலை எண்ணெய் தெளித்து ஊறவைத்த இடத்தைக் கம்பித் தூரிகையால் துலக்கினார் மெக்கானிக். 14 மில்லிமீற்றர்ச் சாவி தலையில் ஏறவில்லை. 15 ஏறிற்று, ஆனால் ஆடிற்று. இவை அங்குலக் கணக்கில் பிறந்த ஆணிகள்; வேண்டியது 9/16 அங்குலச் சாவி, அதாவது 14.29 மில்லிமீற்றர். இதை உணராமல் பெரிய சாவியால் முறுக்குகிறவன் ஆறு முனைகளையும் மழுக்கிவிட்டுப் பிறகு விதியை நொந்துகொள்வான். மூன்று ஆணிகள் இசைந்தன, நான்காவது அசையவில்லை. தீச்சுவாலையால் சூடேற்றும் வழக்கம் உண்டெனினும், மைனரின் பெற்றோல் தாங்கி டிக்கியின் அடித்தட்டின் கீழேயே இருப்பதால் அதற்கு உடன்படாமல், இரும்புவாளால் பொறுமையாக அறுத்தெடுத்தோம்.

புதிய ஆணிகளைத் தேர்வதில் ஒரு சபலம் நேரும். படகுச் சாமான் கடைகளில் ஸ்டெயின்லெஸ் ஆணிகள் வெள்ளிபோல் மின்னுகின்றன. ஆயினும் சாதாரண ஸ்டெயின்லெஸ், தலையில் மூன்று கோடுகள் பொறித்த அங்குல உருக்காணிக்கோ, 8.8 என்று பொறித்த மில்லிமீற்றர் ஆணிக்கோ பலத்தில் ஈடாகாது. ஆணியும் சுரையும் முறுக்கும்போதே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் சுபாவமும் அதற்குண்டு. அக்கடைகளில் வாங்கத் தக்கது, நீருக்கு ஈடுகொடுக்கும் கிறீஸ் ஒன்றே. மற்றுமொரு விசேஷம்: றப்பர் புஷ்ஷினூடு செல்லும் ஆணியை வண்டி ஜக்கின்மேல் இருக்கையில் இறுக்கலாகாது, சக்கரங்கள் தரையில் ஊன்றி முழுப் பாரமும் இறங்கிய பின்னரே இறுதி முறுக்குத் தரவேண்டும். அன்றேல் றப்பர் என்றும் முறுகியபடியே நின்று விரைவில் கிழிந்துபோம்.

நிலாவெளித் தெருவில் பரீட்சித்தபோது, வளைவுகளில் பின்புறம் முன்போல் தளம்பவில்லை. கிண்ணியாப் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கையில், முன்னர் ஒன்றுக்கு மூன்றாக எழுந்த குதிப்பு ஒன்றோடு அடங்கிற்று. ஆனால் தனியொருவனாய், மெதுவாக, கல்லுத் தெருவில் செல்லுகையில், பழையது சகித்துக்கொண்ட சிறு அதிர்வுகளைப் புதியது முதுகெலும்புக்கு அறிவிக்கிறது. பின் ஆசனத்தில் இருவர் அமர்ந்ததும் இக்குறை மறைகிறது. பழைய பெட்டியின் மூடியைத் திறந்து எண்ணெய் வார்க்கலாம். குழாய் வகையோ, ஆயுள் முடிந்தால் எறியத்தான் வேண்டும்.

ஆகவே, கசிவில்லாத பழைய சாதனம் உடையவர்கள் எண்ணெய் வார்த்து அதையே பேணலாம். கசிவு கண்டவர்கள் இரண்டையும் ஒருங்கே மாற்றுக. எதைச் செய்யினும் பழைய ஆணியைத் திரும்பப் பூட்டற்க. நூறு கிலோமீற்றர் ஓடியபின் என் நான்கு ஆணிகளுக்கும் மீண்டும் சாவி போட்டுப் பார்த்தேன். ஒன்று கால் திருப்பு இறங்கிற்று. ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும் தை பிறந்தபின் ஒரு முறையும் அடிப்புறத்தை நன்னீரால் கழுவி, அதே சாவியோடு வண்டியின் கீழ்ப் படுப்பதென்று தீர்மானித்திருக்கிறேன்.