புலிக்குப் பக்கத்தில் ஏன் மீன்?

இடையஞ்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து வடக்கே போனால், உப்பளங்களோடு மரக்காணம் வரும். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பார்கள் ஆய்வாளர்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் பட்டினம். அரச குலங்களின் பூர்வீகக் கதையையும் சின்னங்களையும் ரசிக்கப் பழக இதைவிடத் தோதான இடம் கிடையாது.

முதல் பாடம்: பூர்வீகத்தை நம்ப வேண்டாம், ரசித்தால் போதும். நல்லியக்கோடனை ஓவியர் குடியில் வந்தவன் என்கிறார் சிறுபாணாற்றுப்படையைப் பாடிய புலவர் நத்தத்தனார். அவனுடைய மாவிலங்கைக்குத் தொன்மையான இலங்கையோடு பெயர் உறவும் சொல்கிறார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் கீழ்மாவிலங்கை இன்றும் இருக்கிறது. தூரத்து ஊரோடு உறவு சொன்னால் குடிக்கு மதிப்புக் கூடும் போலிருக்கிறது. ரஷ்யப் பிரபுக்களும் இதையே செய்தார்கள். ரொமானோவ் குலத்தின் முன்னோராக ஆவணம் காட்டுவது 14ஆம் நூற்றாண்டு மாஸ்கோவின் ஆந்திரேய் கொபிலாவை; பிற்காலத்தார் அவரைப் பிரஷ்யாவிலிருந்து வந்த இளவரசர் மரபில் சேர்த்துவிட்டார்கள். சோழர்கள் அதற்கும் மேலே போய்ச் சூரியனையே பிடித்தார்கள்.

இனி சின்னம். முதலாம் ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் மொத்தம் 31. அவற்றைக் கோத்த வளையத்தில் ஒரு கனத்த முத்திரை. அழகாக இருக்கிறதே என்று நகர்ந்துவிடாதீர்கள். யார் பெரியவர், யார் சிறியவர், யார் யாருக்கு அருகே என்று பாருங்கள். சோழப் புலி உட்கார்ந்திருக்கிறது. கூடவே பாண்டியரின் இரட்டைமீன், சேரரின் வில். குடையும் சாமரங்களும் புலியின் அரசுக்குத்தான். தோற்றவர்களின் சின்னத்தை அழிக்காமல் தன் முத்திரைக்குள்ளேயே உட்கார வைத்திருக்கிறான். ராஜேந்திரன் தன் மகனையே மதுரையில் சோழபாண்டியனாக அமர்த்தியவன் என்பதை நினைத்துக்கொண்டு அந்த மீன்களைத் திரும்பப் பாருங்கள். சுற்றி ஓடும் கிரந்த எழுத்து, மற்ற மன்னர்களின் மகுட மணிகள்மேல் அமர்ந்த ஆணை இது என்கிறது. பணிவு என்பது மருந்துக்கும் இல்லை!

முத்திரையோடு நின்றுவிடாமல் ஏட்டையும் கவனியுங்கள். வடமொழிப் பகுதி குலப்பெருமையில் வானத்தில் பறக்கும். தமிழ்ப் பகுதி பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த கணக்கு, எல்லை, வரி என்று மண்ணில் நடக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். சோழர் செப்பேடுகளில் பெண் யானையை நடக்கவிட்டு எல்லை வகுத்த சேதியெல்லாம் வரும். குலக்கதையில் ஏற்றிச் சொன்னாலும் நிலக்கணக்கில் அப்படிச் சொல்ல முடியாது.

நல்லியக்கோடனுக்கு வருவோம். இமயத்தில் வில் பொறித்த சேரனைச் சொல்லும் அதே சிறுபாணாற்றுப்படை, இவனுக்கு விலங்கோ படைக்கலமோ எதையும் சின்னமாகச் சூட்டவில்லை. ஏழு வள்ளல்கள் சுமந்த ஈகைப் பாரத்தை இவன் ஒருவனே சுமந்தான் என்கிறது. என்னைக் கேட்டால், சின்னமில்லாத இந்தப் பெருமைதான் புலி முத்திரையைவிட உசத்தி.

மரக்காணம் போகிறவர்கள் பூமீசுவரர் கோயில் சுவர்களில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். திருவாலங்காட்டு ஏடுகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை.