‘ஒருவகைப் பறவை’ என்னும் உரை: புள்ளினக் குடும்பங்களும் பழந்தமிழ்ச் சொற்பொருளும்

பழந்தமிழ்ப் பாட்டுக்குப் பொருள் காண்பார்க்கு உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் செய்துள்ள உதவி அளவிறந்தது. ஆயினும், பறவைப் பெயர் வரும் இடங்களில் அவ்வுதவி பெரும்பாலும் ஒரு சொற்றொடரோடு நின்றுவிடுகின்றது. ‘ஒரு பறவை’ என்றோ, ‘ஒருவகைப் பறவை’ என்றோ எழுதி மேற்செல்லுதல் வழக்காயிற்று. பெயரைக் கேட்ட அளவில் பறவை கண்முன் தோன்றிய காலத்து அவ்வுரை போதுமானதாக இருந்திருக்கலாம். வகுப்பறையில் மட்டுமே பாட்டைக் காணும் இற்றைநாள் மாணவர்க்கு அது போதாது. பறவையின் அலகையும் காலையும் குரலையும் அடைமொழியால் சுட்டிப் புலவன் பொருள் விளைவிக்கும் இடத்து, ‘ஒருவகைப் பறவை’ என்பது உரையன்று. பொருள் தெரிந்திலது என்பதன் மறைமொழியே.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. பி. எல். சாமி அவர்களின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’, க. ரத்னம் அவர்களின் பறவை நூல்கள் முதலியவை வெளிவந்த பின்னர், ஒவ்வொரு பழம்பெயர்க்கும் இன்ன பறவையே எனத் தனியினத்தைத் துணிந்து கூறும் போக்கு ஆய்வேடுகளிற் பெருகியுள்ளது. அவ்வாசிரியர் காட்டிய தயக்கத்தையும் எடைபோடலையும் பின்வந்தோர் விட்டுவிட்டு, முடிவை மட்டும் எடுத்துக்கொண்டனர். இவ்விரு போக்கிற்கும் இடைப்பட்டதொரு நிலை உண்டு. பறவை நூலார் ‘குடும்பம்’ எனக் கூறும் பகுப்பே அது. பழம்பாட்டு தரும் அடையாளங்கள் தனியினத்தைத் துணிவதற்குப் பெரும்பாலும் போதா. குடும்பத்தைத் துணிவதற்குப் பெரும்பாலும் போதும். இதனைச் சில சொற்கள்மேல் வைத்து ஆராய்வோம்.

உலகில் இன்று வாழும் பறவையினங்கள் ஏறத்தாழ 11,000. அவை 250-க்கு அண்மையான குடும்பங்களாகப் பகுக்கப்படுகின்றன. 1758-இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் இலின்னேயசு அலகையும் காலையும் அடிப்படையாகக் கொண்டு பறவைகளை ஆறு பெரும் பிரிவுகளாக வகுத்தார். அப்பகுப்பு இன்று பலவாறு திருத்தப்பட்டுவிட்டது. மரபணு ஆராய்ச்சி, பருந்தோடு ஒருசேர எண்ணப்பட்டு வந்த வல்லூற்றைக் கிளிக்கு அண்மையில் கொண்டுவந்து வைத்துள்ளது. ஆயினும் வயல்வெளியில் நின்று நோக்குவார்க்கு இன்றும் அலகும் காலுமே முதற்சான்று. உளிபோன்ற அலகும், முன்னிரண்டு பின்னிரண்டாக அமைந்த விரல்களும் மரங்கொத்தியைக் காட்டும். அதே விரலமைப்போடு வளைந்து கொளுவிய அலகு இருப்பின் கிளி. பெருந்தலையும் நீண்டு நேரான அலகும் குறுங்காலும் மீன்கொத்திக்கு உரியன; பழம்பாட்டிற் சிரல் எனப்படுவது இதுவே என்பதில் ஐயமில்லை. செம்போத்துக் குயிற்குடும்பத்தது என்றால் வியப்பார் பலர். தன் கூட்டைத் தானே கட்டி அடைகாக்கும் அதனை, காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலோடு சேர்ப்பது விரலமைப்பும் உடலமைப்புமே, நடத்தையன்று.

பெயர் எப்போதும் குடும்பத்திற்குக் கட்டுப்படுவதில்லை என்பதற்கு ‘நாரை’ நல்ல சான்று. இன்று சாம்பல் நாரை எனப்படுவது கொக்குக் குடும்பத்தது. சங்குவளை நாரையும் செங்கால் நாரையும் வேறு குடும்பத்தன. கொக்குக் குடும்பத்தன பறக்குங்கால் கழுத்தை மடித்து உள்ளிழுத்துக்கொள்ளும். மற்றவை கழுத்தை முன்னே நீட்டிப் பறக்கும். முன்னவை கரகரத்த குரலெழுப்பும். பின்னவை பெரும்பாலும் குரலற்றவை, அலகை அடித்து ஒலியெழுப்புவன. நெய்தற் பாட்டுகளில் கழிக்கரையில் அசையாது நின்று மீன் நோக்கும் நாரை முதற்குடும்பத்திற்குப் பொருந்துகின்றது. சத்திமுத்தப் புலவர் தம் வறுமையை மனைவிக்கு உணர்த்துமாறு வேண்டிய நாரையோ அதுவன்று. செந்நிறக் கால், பவளம் போன்ற நிறமும் பிளந்த பனங்கிழங்கின் வடிவும் கொண்ட கூர்அலகு, தென்கோடியினின்று வடதிசை நோக்கிச் செல்லும் வலசை என்னும் குறிப்புகள் தனிப்பாடலில் ஒருங்கே அமைந்துள்ளன. பனங்கிழங்கைப் பிளந்தால் இரு பாதியும் நேராய், நுனி கூர்த்து நிற்கும். நுனியில் சற்றே வளைந்த அலகுடைய சங்குவளை நாரையை இவ்வுவமை விலக்குகின்றது. வெண்ணிற உடலும் சிவந்த அலகும் காலும் உடையதாய், பனிக்காலத்தில் வடக்கிருந்து இந்தியாவிற்கு வரும் செங்கால் நாரையையே புலவர் கண்டிருத்தல் வேண்டும். குடும்பத்திற்கும் அப்பால் தனியினத்தையே துணியத்தக்க அருமையான இடம் இது. ஒரு சிறு தனிப்பாடல், வலசையின் திசையைக்கூடப் பிழையின்றிக் கூறுவது நினைக்கத்தக்கது.

அன்றிலிடத்து இத்தகைய தெளிவு கிட்டவில்லை. குறுந்தொகைப் பாட்டொன்று அதன் தலை தீயைப்போற் சிவந்தது என்றும், வாய் இறால்போல் வளைந்தது என்றும் கூறும். அத்தொகையிலேயே பிறிதொரு பாட்டு, அது பனைமடலிற் சிறு சுள்ளிகளால் கூடு கட்டும் என்றும், அதன் கால் கரியது என்றும் கூறும். வளைவாயும் சுள்ளிக்கூடும் அரிவாள்மூக்கன் குடும்பத்தை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுகின்றன. இதுவரை இடர்ப்பாடில்லை. தனியினத்தைத் தேடப் புகுந்தால் இடர் தோன்றுகின்றது. உச்சந்தலையிற் செந்நிறத் தழும்பு உடையதும், இணையாகவே பெரும்பாலும் காணப்படுவதும், பனையிற் கூடு கட்டுவதுமான கரிய அரிவாள்மூக்கனுக்குக் கால் செந்நிறமானது. கால் கரியதான வெள்ளை அரிவாள்மூக்கனுக்குத் தலையும் கரியது. அது கூட்டமாய்க் கூடு கட்டுவது. கருமைக்கு வன்மைப் பொருளும் உண்டு, கருங்கைக் கொல்லன் என்புழிப்போல என்று அமைதி கூறலாம். நாம் அதற்கு உடன்படோம். கொல்லன் கைக்கு வன்மை தொழிலான் இயைந்த பண்பு. அன்றிலின் காலுக்கு வன்மை கூறுவதால் அப்பாட்டிற்கு யாது பயன்? பறவைக்கு ஏற்பச் சொல்லை வளைத்தல் ஆராய்ச்சிமுறை அன்று. புலவர் இருவர், அவர் கண்ட பறவைகளும் ஒரு குடும்பத்து இரண்டாக இருந்திருக்கலாம். அன்றில் என்பது குடும்பப்பெயராக வழங்கியது எனக் கொள்ளின் முரண் யாதும் இல்லை. இணைபிரியின் உயிர்விடும் என்னும் பிற்கால மிகைக்கூற்றையும் அப்போது பறவையின்மேல் ஏற்ற வேண்டுவதில்லை.

கணந்துள் என்னும் பெயர் மேலும் கருதத்தக்கது. ஆலந்தூர் கிழார் பாடிய குறுந்தொகைப் பாட்டில் நெடிய காலையுடைய இப்பறவை, பாலைவழியில் ஆறலைப்போர் இருத்தலை வழிச்செல்வோர்க்கு அறிவுறுத்திப் படைக்கலத்தோரின் முனையினின்று அவரைப் பெயர்க்கின்றது. தலைவன் சென்ற வழியின் கொடுமையைத் தலைவி கூறுமிடத்து இப்பறவை வெறும் அணியன்று. அவ்வழியில் மக்கட்கு உள்ள ஒரே துணை அது. இங்கு ‘ஒரு பறவை’ எனின் பாட்டின் உயிர்நிலை போயிற்று. நெடுங்கால் என்னும் அடையை மட்டும் நோக்குவார் பவளக்காலியைக் கருதக்கூடும். அது நீர்விளிம்பிலேயே மேய்வது. பாலைக்கு அதனைக் கொண்டுவருதல் திணைமயக்கமாகும். ஆளைக் கண்டவுடன் ஓயாது கத்தி எழுந்து வட்டமிடும் பறவை ஆள்காட்டியே. அதன் குடும்பத்திற்கு நெடிய கால், பின்விரல் சிறுத்தோ இன்றியோ இருத்தல், கூடு கட்டாது வெறுந்தரையிற் பரல்களிடையே முட்டையிடுதல் என்பன இலக்கணம். தரையில் முட்டையிடும் பறவைக்கு அயலாரின் வருகையை நெடுந்தொலைவிலேயே அறிந்து கூவுதல் உயிர்த்தேவை. எனவே, புலவர் கூறிய நடத்தையும் உடலமைப்பும் ஒன்றற்கொன்று காரணமாகி நிற்கின்றன.

திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றை ஒட்டிய தாடிக்கொம்புச் சமவெளி இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற நிலம். பனைகளும் மானாவாரிக் கொல்லைகளும் கலந்த அவ்வெளியில் ஆள்காட்டியின் குரலைக் கேளாத உழவர் இலர். ‘கணந்துள்’ என்னும் சொல் அவர் வழக்கில் இல்லை. ‘ஆள்காட்டி’ என்னும் சொல் அப்பாட்டின் செய்தியையே தன்னுள் வைத்திருக்கின்றது. சொல் மாறிப் பொருள் மாறாது நிற்கும் இத்தகைய இடங்களை நாம் நிகண்டுகளில் தேடுவதினும் கொல்லைகளில் தேடுதல் நன்று. பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பாடிய சங்கப் புலவனுக்கும் அவ்வுழவர்க்கும் சொல்லிலும் வேற்றுமை பெரிதில்லை. கொல்லையில் ‘காடை’ என ஒன்றாய்ச் சொல்லப்படுவனவற்றுள் இரு குடும்பங்கள் உள என்பதை மட்டும் ஆய்வாளர் கருத்திற் கொள்ளவேண்டும். பின்விரல் உடைய காடை கோழிக் குடும்பத்தது. பின்விரல் இல்லாத குறுங்காடை வேறு. அதில் பெடை பெரிதாய் வண்ணம் மிக்கிருக்கும், ஆணே அடைகாக்கும். குறும்பூழ்ப் போர் பற்றிய குறிப்புகளை ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு பயன்படும்.

தொல்காப்பிய மரபியலைக் காட்டி, பறவைக் குடும்பப் பகுப்பைத் தமிழர் அன்றே கண்டனர் என்பாரும் உளர். மரபியல் கூறுவது யாது? சேவல் என்னும் பெயர் சிறகுடையன எல்லாவற்றுக்கும் உரியது, மயில் ஒழிய என்கின்றது. அளகு என்னும் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரித்தாக்கி, மயிலுக்கும் அது பொருந்தும் என்கின்றது. கோழியும் மயிலும் ஒரு குடும்பத்தன, இதுவரை ஒத்துவருகின்றது. கூகை எங்ஙனம் வந்தது? இரவிற் பறக்கும் ஊனுண்ணியைக் கோழியோடு சேர்ப்பது உடலமைப்பு அன்று, உலக வழக்கே. ஆசிரியர் வகுத்தது சொல்லின் மரபு. உயிரின் குடும்பம் அன்று. அவர் கூறாத ஒன்றை அவர்மேல் ஏற்றிப் புகழ்வது, கூறிய ஒன்றின் அருமையை மறைத்துவிடும். எப்பெயர் எப்பறவைக்கு ஏற்கும் என்னும் வழக்கை இத்துணை நுட்பமாகப் பதிந்து வைத்ததே பெரும்பணி. திவாகரம் பறவைகளை விலங்கின் பெயர்த் தொகுதியில் அடக்கியது பற்றியும் இதுவே நம் கருத்து.

அன்னம் தனி ஆய்வுக்கு உரியது; ஈண்டு ஒன்றிரண்டே கூறுவோம். தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்களுள் இரதியும் மன்மதனும் உள்ளனர். சிற்ப மரபில் இரதிக்கு அன்னமும் மன்மதனுக்குக் கிளியும் ஊர்தி. தென்னாட்டுக் கோயில்களில் இவ்விரு பறவைகளையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். சிற்பி வடித்த கிளியின் அலகைக் கண்டு அதன் குடும்பத்தை எவரும் கூறலாம். அன்னமோ கொடிக்கருக்குப் போன்ற தோகையோடு எக்குடும்பத்திற்கும் அடங்காது நிற்கும். முன்னது கண்டு வடித்தது. பின்னது கேட்டு வடித்தது. சங்கப் பாட்டின் அன்னம் இவ்வளவு தொலைவில் இல்லை. பிசிராந்தையார் புறநானூற்றில் அழைத்த அன்னச்சேவல் குமரித்துறையில் அயிரை மேய்ந்து வடமலைக்குப் பறப்பது. இமயத்தைக் கடந்து வந்து கூந்தன்குளம் முதலிய தென்னாட்டு நீர்நிலைகளில் பனிக்காலத்தைக் கழிக்கும் பட்டைத்தலை வாத்தை இது நினைவூட்டுகின்றது. ஆனால் அது பெரும்பாலும் புல்லும் தானியமும் உண்பது, அயிரை இடையூறாகின்றது. வாத்துக் குடும்பம் என்ற அளவில் நிற்பதே இங்கும் தக்கது.

குடும்பம் ஒன்றே எங்கும் போதும் என்பதும் எம் கொள்கையன்று. கழுகு என்னும் சொல்லை இக்கால மாணவர் வேட்டையாடி உண்ணும் பெரும்பறவை எனவே கொள்கின்றனர். புறப்பாட்டுப் போர்க்களத்திற் கழுகும் எருவையும் பாறும் பிணந்தின்ன வருவன. இவையும் இரைகொல்லும் பருந்தும் ஒரே குடும்பத்தன ஆதலின், குடும்பம் கூறியவழியும் மயக்கம் தீராது. அக்குடும்பத்துள் பிணமுண்ணும் பிரிவு எனக் கூறி, தலையும் கழுத்தும் சிறகற்றோ மென்தூவி மட்டும் உடையவாயோ இருத்தல், கால்நகம் கொல்லும் வலியற்றிருத்தல் ஆகியவற்றையும் உரையில் விளக்குதல் வேண்டும். அகநானூறு எருவைக்குச் செஞ்செவி என அடைகொடுக்கும். பறவைக்குப் புறச்செவி இல்லையே என மாணவர் வினவுவர். செந்தலைக் கழுகின் தலைக்கு இருபுறமும் செவிபோற் செந்நிறத் தசைமடிப்புத் தொங்குவதைக் கண்டார்க்கு அவ்வினா எழாது.

காண்பதுதான் இன்று அரிது. கால்நடைக்குத் தரப்பட்ட டைக்குளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, அவற்றின் பிணத்தை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 1990-களிலிருந்து நாட்டின் கழுகினங்கள் சில நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மறைந்தன. அம்மருந்தைக் கால்நடைக்கு வழங்குதல் 2006-இல் தடைசெய்யப்பட்டது. செஞ்செவி என்னும் அடையைப் பறவையோடு வைத்துப் பார்க்க விரும்பும் ஆய்வாளர், தமிழகத்தில் நீலகிரியின் வடசரிவில் உள்ள மோயாற்றுப் பள்ளத்தாக்கிற்கே செல்லுதல் வேண்டும்.