கடவுள் வாழ்த்தும் அறத்தின் தனிநிலையும்: திருக்குறள் வாசிப்பில் ஒரு சிக்கல்

திருக்குறளின் முதல் அதிகாரம் கடவுள் வாழ்த்து. நான்காம் அதிகாரம் அறன் வலியுறுத்தல். இவ்வைப்பு முறையைக் காரண காரியத் தொடர்பாகக் கொண்டு, இறைநம்பிக்கை இல்லாதவனுக்கு அறவாழ்வு இயலாது என்பதே வள்ளுவர் முடிபு எனக் கூறும் வாசிப்பு நம்மிடையே பரவலாக உள்ளது. ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர் எழுதும் கட்டுரைகளில் இக்கருத்தை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அதற்குச் சான்றாக அவர்கள் தருவதோ பெரும்பாலும் முதற்குறள் ஒன்றே. இவ்வாசிப்பு நூலுக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு நம் ஆய்வுப்பொருள்.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. மலேசியாவில் 1970ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்ற தேசியக் கோட்பாட்டின் முதற்கூறு இறைவன்மீது நம்பிக்கை வைத்தல் என்பதாகும். முஸ்லிம் அல்லாத மாணவர் பயிலும் நன்னெறிக் கல்வியிலும் இறைநம்பிக்கை ஒரு பண்பாக இடம்பெற்று வந்துள்ளது. அதே மாணவர் தமிழ்மொழிப் பாடத்தில் திருக்குறளையும் பயில்கின்றனர். இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் ஆசிரியர், ஒன்றன் பொருளை மற்றொன்றில் ஏற்றிக் கூறுவது எளிதில் நிகழ்கின்றது. தந்தையோ பாட்டனோ கோயிலுக்குச் செல்லாதவராக இருந்து, பிறர்க்கு ஒரு தீங்கும் செய்யாமல் வாழ்ந்தவராயின், அவரைக் குறளின் பெயரால் குறையுடையவர் என்று அம்மாணவனிடம் கூறலாமா? அவ்வாறு கூற நூலில் இடமுண்டா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

வைப்பு முறையைப் பற்றிப் பரிமேலழகர் கூறுவதிலிருந்து தொடங்குவோம். வைதிக நெறியில் உறுதியாக நின்ற உரையாசிரியர் அவர். கடவுள் வாழ்த்து என்பது கவி தான் வழிபடும் கடவுளை வாழ்த்துவதாகவும் இருக்கலாம், எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஏற்புடைய கடவுளை வாழ்த்துவதாகவும் இருக்கலாம் என்று பகுத்து, இவ்வதிகாரம் இரண்டாம் வகையைச் சார்ந்தது என்கின்றார் அவர். அறம், பொருள், இன்பம் ஆகிய மூன்று உறுதிப்பொருளோடு முதற்கடவுளர் மூவர்க்கும் குண வகையால் இயைபு உண்டு என்பது அவர் காட்டும் காரணம். அக்காரணம் நமக்கு உடன்பாடாக வேண்டுவதில்லை. ஆயினும், இவ்வாழ்த்தைப் புலவரின் சொந்த நம்பிக்கை அறிக்கையாக அவர் கொள்ளவில்லை என்பது நோக்கத்தக்கது. உரைமரபின் உச்சியில் நிற்பவரே நூற்பொருளுக்கு இயைந்த வாழ்த்தாக இதனைக் கொண்டிருக்க, அறத்திற்கு நுழைவுச்சீட்டாக இதனைக் கொள்வோர் அவரினும் ஒருபடி மிஞ்சிச் செல்கின்றனர்.

இனி, பத்துக் குறட்பாக்களும் எவற்றைக் கூறுகின்றன? அதிகாரத் தலைப்பில் உள்ள ‘கடவுள்’ என்னும் சொல் பாக்களில் ஓரிடத்தும் இல்லை. ஏழு பாக்கள் இறைவனின் தாளை அல்லது அடியைச் சேர்தலையும் வணங்குதலையும் பேசுகின்றன. சேராதார்க்கு நேரும் இழப்புகளும் வெளிப்படையாகவே கூறப்படுகின்றன. தொழாதவன் கற்ற கல்வியால் பயனில்லை (குறள் 2). சேராதார்க்கு மனக்கவலையை மாற்றுதல் அரிது (குறள் 7). வணங்காத தலை பயனற்றது (குறள் 9). பிறவிக் கடலை நீந்துதல் இயலாது (குறள் 10). இவற்றை மென்மைப்படுத்திப் பொருள் கூறுவது நேர்மையன்று. வள்ளுவர்க்கு இறைவழிபாடு பொருட்டன்று என்பார் இப்பாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். ஆனால், இழப்புகளின் பட்டியலைக் கூர்ந்து நோக்கின் ஒன்று புலப்படும். கல்வியின் பயன், மன அமைதி, பிறவி நீக்கம் ஆகியன அதில் உள்ளன. தொழாதவன் கொடை செய்யான், பொய் கூறுவான், நடுவு நிலைமையில் வழுவுவான் என்று எப்பாவும் கூறவில்லை. நம்பிக்கையின் பயன் ஒருவன் அடையும் உறுதிநிலை. அவன் பிறர்பால் நடந்துகொள்ளும் முறை அன்று. ஆறாம் குறளோ இன்னும் ஒருபடி செல்கின்றது. அங்கு நெடிது வாழ்வோராகக் கூறப்படுவோர் தொழுதவர் அல்லர். ஐம்பொறி அவாவை அறுத்தவனது பொய்யற்ற ஒழுக்க நெறியில் நின்றவரே. எட்டாம் குறளில் இறைவனே அறக்கடலாக உருவகிக்கப்படுகின்றான். அறத்தைக் கொண்டு இறைவனை விளக்கும் முறை இது. இறைவனைக் கொண்டு அறத்தை விளக்கும் முறை வேறு. அதனை இவ்வதிகாரத்தில் நாம் காணவில்லை.

நூலினுள்ளே செல்லச் செல்ல இது மேலும் தெளிவாகின்றது. அன்பில்லாத உயிரை அறம் சுடும் என்கின்றது குறள் 77. பிறர்க்குக் கேடு சூழ்வானுக்கு அறம் கேடு சூழும் என்கின்றது குறள் 204. இரண்டிடத்தும் வள்ளுவர் கையாளும் சொல் ‘அறம்’ என்பதே. பரிமேலழகர் இவ்விடங்களில் ‘அறக்கடவுள்’ என்று உரை எழுதுகின்றார். ஒரு சொல்லே மிகுந்தது எனலாம். ஆயினும் அச்சொல்லோடு, தானே இயங்கும் ஆற்றலாக இருந்த அறம் ஒரு தெய்வத்தின் செயலாக மாறிவிடுகின்றது. மூலத்தைப் படிப்பதாக எண்ணி உரையைப் படிக்கும் நம் வழக்கம் இத்தகைய இடங்களிலேயே நம்மை ஏமாற்றுகின்றது. அறத்திற்கு வள்ளுவர் தரும் இலக்கணமும் இதனோடு ஒத்துச் செல்வதே. மனத்தின்கண் குற்றமற்று இருத்தலே அறம், ஏனையவை ஆரவாரம் (குறள் 34). பொறாமை, அவா, சினம், கடுஞ்சொல் ஆகிய நான்கையும் விலக்கி நடப்பதே அறம் (குறள் 35). சமயக் கோலத்தைப் பற்றியோ அவர் கூறுவது கடுமையானது. உலகம் பழிப்பதை ஒழித்துவிட்டால் தலையை மழித்தலும் வேண்டா, சடை வளர்த்தலும் வேண்டா (குறள் 280).

இவற்றைக் கண்டோர் சிலர் மறுமுனைக்குச் சென்றனர். முதல் மூன்று அதிகாரங்களும் வள்ளுவர் வாக்கல்ல, இடைச்செருகல் என்று வ.உ.சிதம்பரம் பிள்ளை கருதினார். 1949இல் சென்னையில் திருக்குறள் மாநாடு நடத்திய பெரியார், நூலைப் பகுத்தறிவு நோக்கில் முன்னிறுத்தினார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலாயா வந்ததும், 1935இல் கோ.சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கியதும் இவ்வட்டாரத் தமிழரிடையே சீர்திருத்தச் சிந்தனைக்கு வலுவூட்டின. பக்தரும் பகுத்தறிவாளரும் ஒரே மேடையில் போற்றும் நூலாக இங்குக் குறள் நிலைபெற்றதில் அச்சிந்தனைக்கும் பங்குண்டு. எனினும், முதல் அதிகாரத்தை நீக்கும் வாதத்தை நாம் ஏற்க இயலவில்லை. மணக்குடவர் முதலான பழைய உரையாசிரியர் அதற்கு உரை கண்டுள்ளனர். மேலும், அதனை நீக்கினும் சிக்கல் தீராது. பற்றற்றவனின் பற்றைப் பற்றுக என்னும் கருத்து துறவு அதிகாரத்தின் இறுதியில் நிற்கின்றது (குறள் 350). மெய்யுணர்தல் அதிகாரம் முழுவதையும் என்செய்வது? வேண்டாத பகுதியை வெட்டி எறிந்து பெறும் உடன்பாடு திறனாய்வு ஆகாது.

இங்கு எதிர்வாதமாகக் காட்டத்தக்க குறள் ஒன்றுண்டு. உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் பேயாக எண்ணப்படுவான் என்பது அது (குறள் 850). கடவுள், மறுபிறப்பு, இருவினைப்பயன் முதலியவற்றையே ‘உண்டு’ என்பது சுட்டுவதாகப் பரிமேலழகர் கொள்கின்றார். அப்பொருளே சரியாயின், இறைமறுப்பாளன் அறவோனாயினும் வள்ளுவரிடம் அவனுக்கு இடமில்லை. ஆனால், இப்பா அமைந்திருப்பது பொருட்பாலில், புல்லறிவாண்மை என்னும் அதிகாரத்தில். இதற்கு முந்திய இரு பாக்களும் பேசுவது, பிறர் அறிவுறுத்தியும் செய்யாதவனையும், தான் கண்டவாறே கண்டு அறிவிப்பாரையும் அறியாதவராக்குபவனையும் பற்றியே. எவர் சொல்லையும் கேளாத பிடிவாதமே அதிகாரத்தின் ஓட்டம். கடவுளும் மறுபிறப்பும் பாவில் இல்லை. அவை உரையால் வந்தவை. உயர்ந்தோர் ஆய்ந்து கண்ட எதையும் ஆராயாமல் மறுப்பது என்னும் பொதுப்பொருளே இவ்விடத்திற்கு இயைவதாக நாம் கருதுகின்றோம். அப்பொதுப்பொருளில் கடவுளும் அடங்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அடங்கக்கூடும் என்பது வேறு, அதுவே பொருள் என்பது வேறு.

இதனினும் நம் கவனத்தை ஈர்ப்பது குறள் 1062. இரந்தே உயிர்வாழும் நிலை சிலர்க்கு விதிக்கப்பட்டதாயின், உலகைப் படைத்தவனும் அலைந்து கெடுக என்கின்றது அது. இதனை இறைமறுப்பாகக் கொள்வோர் உளர். அது பொருந்தாது, இல்லாத ஒருவனைச் சபிப்பார் இலர். படைத்தவன் உளன் என்று கொண்டே வள்ளுவர் அவன்மீது தீர்ப்புக் கூறுகின்றார். அத்தீர்ப்பைக் கூறப் படைத்தவனுக்கும் மேற்பட்ட அளவுகோல் ஒன்று தேவை. இரப்பவன் படும் துன்பம் தகாது என்னும் அறவுணர்வே அவ்வளவுகோல். அறம் இறைவனின் ஆணையிலிருந்து மட்டுமே பிறப்பதாயின் இப்பாவை எழுதவே இயலாது. அறம் தன் கட்டுறுத்தும் வலிமைக்கு இறைவனை வேண்டுவதில்லை, ஆயினும் அது இறைநம்பிக்கைக்கு வழிவகுக்கும் என்று 1793இல் வெளிவந்த தம் சமயநூலின் முன்னுரையில் காண்ட் எழுதினார். வள்ளுவரை அவரோடு ஒப்பிடுவதில் அளவு வேண்டும். காண்ட் முறைப்படி நிறுவ முயன்றதை வள்ளுவர் ஓர் ஏழையின் பொருட்டு எழுந்த சினத்தில் வெளிப்படுத்துகின்றார், கோட்பாடாக வகுத்துரைக்கவில்லை.

வகுப்பறையைப் பொறுத்தவரை நம் கருத்து ஒன்றுண்டு. பத்தாம் குறளைக் கற்பிக்கும் அன்றே ஐம்பதாம் குறளையும் உடன்வைத்துக் கற்பித்தல் நன்று. முன்னையது, இறைவன் அடி சேராதார் பிறவிக்கடல் நீந்தார் என்கின்றது. பின்னையது, உலகில் வாழும் முறைப்படி வாழ்ந்தவன் வானுறையும் தெய்வத்துள் ஒருவனாக மதிக்கப்படுவான் என்கின்றது. அவன் எதை நம்பினான் என்று கேட்கவில்லை. இவ்விரண்டையும் ஒருவரே எழுதியிருக்கின்றார் என்பதிலிருந்து மாணவர் தம் விவாதத்தைத் தொடங்கட்டும். அதற்கு ஒரு பாடவேளை போதாமல் போகலாம்.