இரண்டு விஜய்கள்: ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே சராசரி

ஆண்டுதோறும் உள்நாட்டுக் கிரிக்கெட் பருவம் வந்துவிட்டால், விளையாட்டுப் பக்கங்களில் விஜய் மெர்ச்சன்ட் கோப்பை, விஜய் ஹசாரே கோப்பை என்று இரண்டு போட்டிகளின் செய்திகள் அடுத்தடுத்து வெளியாகின்றன. முன்னது பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கானது; பின்னது மாநில அணிகள் மோதும் ஒருநாள் போட்டி, அகில இந்திய அளவில் 2002-03-இல் அது தொடங்கியபோது முதல் கோப்பையைக் கைப்பற்றிய பெருமை தமிழ்நாட்டு அணிக்கு உரியது. விஜய் மஞ்ச்ரேக்கர், நம் சென்னையின் முரளி விஜய் என்று இதே பெயர் தாங்கிய மட்டையாளர்கள் பின்னரும் இந்திய அணியில் ஆடிப் புகழ் பெற்றார்கள். என்றாலும், சமகாலத்தில் வாழ்ந்து, ஒரே மைதானத்தில் எதிரெதிரே நின்று, ஒருவர் நாட்டிய சாதனையை மற்றவர் சில தினங்களிலேயே தகர்த்து, ரசிகர்களை இரு கட்சிகளாகப் பிரித்துவிட்ட விஜய்கள் மெர்ச்சன்டும் ஹசாரேயும் மட்டுமே.

பெயர் ஒன்றானாலும் பிறப்பும் சூழலும் வேறு. 1911-இல் பம்பாயில் பிறந்த மெர்ச்சன்ட், ஆலை அதிபர்களான தாக்கர்சே குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் பெயரையும் குடும்பத் தொழிலையும் சேர்த்து விசாரித்தபோது நேர்ந்த குழப்பத்தில், வர்த்தகரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அவருக்குக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது என்று சொல்வார்கள். ஹசாரேயோ 1915-இல் சாங்கிலியில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் எட்டு மக்களுள் ஒருவராகப் பிறந்த கிறிஸ்தவர். மெர்ச்சன்டின் ஆட்டம் இலக்கண சுத்தமானது. பந்தைக் கடைசிக் கணம் வரை வரவிட்டு, ஸ்லிப் வீரர்களுக்கு எட்டாதபடி மெல்லத் திருப்பிவிடும் அவருடைய ‘லேட் கட்’ அந்நாளில் பிரசித்தமானது. ஹசாரே மட்டையை இரண்டு கால்காப்புகளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நிற்கும் விதம் பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். எனினும் அவருக்குப் பயிற்சி அளித்த ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீரர் கிளாரி கிரிம்மெட், அந்த நிலையை ஒருபோதும் மாற்ற வேண்டாம் என்று புத்தி சொன்னதும், சிஷ்யர் அதைக் கடைசி வரை காத்ததும் கிரிக்கெட் உலகம் அறிந்தவை.

இருவருடைய போட்டியும் உச்சத்தை எட்டியது 1943-ஆம் ஆண்டின் இறுதியில். ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள், இவர்களில் சேராத ஏனையோர் என்று மதவாரியாக அணி பிரித்து ஆடப்பட்ட பம்பாய்ப் பஞ்ச அணிப் போட்டி, தேசியவாதிகளின் கண்டனத்துக்கு உள்ளாகிப் பின்னர் 1946-இல் கைவிடப்பட்டது நியாயமே. ஆனால் மைதானத்துக்கு ஜனத்திரளை இழுத்த விஷயத்தில் அதற்கு இணையான போட்டி அக்காலத்தில் வேறில்லை. அந்த ஆண்டில் ஏனையோர் அணிக்காக ஹசாரே முஸ்லிம்களுக்கு எதிராக 248 ரன் குவித்துப் போட்டியின் புதிய சாதனையை நிறுவினார். இறுதி ஆட்டத்தில் ஹிந்துக்கள் அணியின் மெர்ச்சன்ட் ஆட்டமிழக்காமல் 250 எடுத்து அதை மீட்டுக்கொண்டார். அவருடைய அணி 5 விக்கெட்டுக்கு 581 எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொள்ள, ஏனையோர் 133 ரன்னில் சுருண்டு ‘ஃபாலோ ஆன்’ ஆன பிறகு நிகழ்ந்ததுதான் அபூர்வம்: அணி மொத்தமாக எடுத்த 387 ரன்னில் ஹசாரே ஒருவரே 309 எடுத்தார். ஆறாவது விக்கெட்டுக்குத் தம் சகோதரர் விவேக்குடன் சேர்ந்து அவர் 300 ரன் சேர்த்தபோது, தம்பியின் மொத்தப் பங்கு 21 ரன்தான்! ஹிந்துக்கள் ஓர் இன்னிங்ஸும் 61 ரன்னும் வித்தியாசத்தில் வென்றார்கள்; சாதனை தோற்ற அணியிடம் போயிற்று. மெர்ச்சன்டும் சும்மா இருக்கவில்லை. அதே பருவத்தில் ரஞ்சிப் போட்டியில் மகாராஷ்டிரத்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 359 ரன் எடுத்து, ரஞ்சிப் போட்டியின் மிகப் பெரிய ஸ்கோராக ஹசாரே முன்னர் நிறுவியிருந்த 316-ஐக் கடந்தார்.

இனி டெஸ்ட் கணக்குக்கு வருவோம். மெர்ச்சன்டின் சராசரி 47.72, ஹசாரேயின் சராசரி 47.65. இவ்வளவு நெருங்கிய எண்களைப் பார்த்தவுடன், இருவரும் சரிநிகர் என்று தீர்ப்புக் கூறிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். அவ்வாறே கூறியவர்களும் உண்டு. ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பிரித்துப் பார்த்தால் தோற்றம் மாறுகிறது. மெர்ச்சன்ட் ஆடிய டெஸ்ட்டுகள் பத்தே: 1933-34-இல் மூன்று, 1936-இல் மூன்று, 1946-இல் மூன்று, 1951-இல் ஒன்று. பதினெட்டு ஆண்டுகளில் சிதறிக் கிடக்கும் இந்தப் பத்தும் இங்கிலாந்துக்கு எதிரானவை. மட்டையாளன் ஒருவனின் பக்குவ காலமாகிய இருபத்தைந்து முதல் முப்பத்துமூன்று வயது வரையிலான ஆண்டுகளில் அவருக்கு ஒரு டெஸ்ட்டும் வாய்க்கவில்லை. அதில் பெரும்பகுதியை உலக யுத்தம் விழுங்கியது. 1947-48-இல் ஆஸ்திரேலியாவுக்குத் தலைவராகச் செல்ல வேண்டியவரை உடல்நலக் குறைவு தடுத்துவிட்டது. முதல்தர ஆட்டங்களில் அவருடைய சராசரி 71.64, பிராட்மனுக்கு அடுத்த ஸ்தானம் என்பதை நினைத்தால், நமக்குக் கிடைக்காமற்போனது எவ்வளவு என்பது விளங்கும்.

ஹசாரேக்கோ யுத்தத்துக்குப் பிந்திய ஏழு ஆண்டுகளில் முப்பது டெஸ்ட்டுகள், நான்கு நாடுகளுக்கு எதிராக. 1948 ஜனவரியில் அடிலெய்டில் ஆஸ்திரேலியா 674 ரன் குவித்த ஆட்டத்தில், லிண்ட்வாலும் மில்லரும் வீசிய அந்த அணிக்கு எதிராக அவர் 116, 145 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சதமடித்தார். ஒரே டெஸ்ட்டில் இதைச் செய்த முதல் இந்தியர் அவர். 1949-இல் பம்பாயில் மேற்கிந்தியருக்கு எதிராக 361 ரன் தேவைப்பட்டபோது அவர் எடுத்த 122 நம்மை 355 வரை கொண்டுபோயிற்று. ஆறு ரன் குறையாக ஆட்டம் டிராவில் முடிந்தது. 1952-இல் லீட்ஸில் இங்கிலாந்தின் ட்ரூமனும் பெட்சரும் ஒரு ரன்னும் தராமல் நான்கு விக்கெட்டுகளைச் சாய்த்த பிறகு, ஃபட்கருடன் சேர்ந்து இடிபாட்டைத் தாங்கியவரும் அவரே. இவற்றோடு, பின்னாளில் தலைமைப் பாரத்தைச் சுமந்தார், மிதவேகப் பந்துவீச்சில் பிராட்மனையே வீழ்த்தும் அளவுக்கு உழைத்தார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர் தலைமை வகித்த பதினான்கு டெஸ்ட்டுகளில் கிடைத்த வெற்றி ஒன்றேயாயினும், அது 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் மன்கட்டின் பன்னிரண்டு விக்கெட்டுகளால் இங்கிலாந்தை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் முறியடித்த, இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி.

ஆக, ஒருவருடைய சராசரி சந்தர்ப்பம் மறுக்கப்பட்டவனின் சராசரி. மற்றவருடையது சந்தர்ப்பம் கிடைத்தபோதெல்லாம் சங்கடத்திலேயே கிடைத்தவனின் சராசரி. ரசிகர்கள் கட்சி கட்டியதில் கவனியாது விட்ட இன்னொன்றும் உண்டு. 1936 முதல் மெர்ச்சன்ட் தொடக்க ஆட்டக்காரர், மான்செஸ்டரில் முஷ்டாக் அலியுடன் 203 ரன் சேர்த்தவர். ஹசாரே நடு வரிசையின் தூண். ஒருவர் இடத்தை மற்றவர் பறித்துக்கொள்ள அவசியமே எழவில்லை. 1951 நவம்பரில் டில்லியில் இது கண்கூடாயிற்று. மூன்றாவது விக்கெட்டுக்கு இருவரும் 211 ரன் சேர்த்தார்கள். மெர்ச்சன்ட் 154 எடுத்து, டெஸ்ட்டில் இந்தியரின் அதிகபட்சமாக இருந்த ஹசாரேயின் 145-ஐக் கடந்தார். ஹசாரே ஆட்டமிழக்காமல் 164 எடுத்து அதே இன்னிங்ஸில் அதைத் திரும்பப் பெற்றார். அந்த ஆட்டத்தில் தோளில் அடிபட்ட மெர்ச்சன்டுக்கு அதுவே கடைசி டெஸ்ட்.

இருவரில் ஒருவரே அணியில் இடம்பெறலாம் என்ற நிபந்தனை வருமானால், ஆஸ்திரேலிய வேகத்தின் முன் நின்று காட்டிய காரணத்துக்காக என் வாக்கு ஹசாரேக்கே. அப்படிப்பட்ட நிபந்தனை அவர்கள் காலத்தில் இருந்ததில்லை. எக்காலத்துக்குமான இந்திய அணி ஒன்றை இன்று எழுத உட்காரும் விமரிசகர்களுக்கும் அது தேவையில்லை. முதல் இடத்தில் ஒரு விஜயையும் நான்காம் இடத்தில் மற்றொரு விஜயையும் எழுதினால், வரிசை சரியாகவே இருக்கும்.